ஆகஸ்ட் 2 கிரகணம்: தொழுகைக்கும் தயாராவோம், கண்ணையும் காப்போம்

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில், மதரஸா மண்டபத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, ஜகாத் கணக்கு, மருத்துவ முகாம் என்றுதான் பேசுவோம். இன்று வேறு ஒரு விஷயம். வருகிற 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, சூரிய கிரகணம். நம் ஊரில் அது அஸருக்குப் பின், மஃரிபுக்கு முன் தெரியும். சூரியன் முழுதும் மறையாது. ஒரு துண்டைக் கடித்து எடுத்தது போல் இருக்கும். ஆனால் நம் பிள்ளைகளின் வாப்பாமார்கள் பலர் இருக்கும் ஜித்தாவில், மக்காவில், அது முழு கிரகணம். லுஹருக்குப் பிறகு, நட்ட நடுப்பகலில், ஜித்தாவில் ஏறக்குறைய 6 நிமிடமும் மக்காவில் 5 நிமிடத்துக்கு மேலும் இருட்டாகும். ஆகவே இந்தப் பேச்சு இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமல்ல. வீட்டுக்குப் போய் போனில் அங்கேயும் சொல்லுங்கள்.

இதை இவ்வளவு முன்கூட்டியே பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்கள் தவறு ஒன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

2010 ஜனவரி 15 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி வரை நம் கடற்கரை முழுவதும் வளைய கிரகணம். 11 மணிக்குப் பிறகு தொடங்கி 3 மணி தாண்டித்தான் விட்டது. சரியாக 1 மணியைத் தாண்டியதும் சூரியன் ஒரு வளையலாகி, 10 நிமிடம் போல அப்படியே நின்றது. அன்று வெள்ளிக்கிழமை! ஜும்ஆவும் கிரகணமும் ஒரே நேரம். ஒலிபெருக்கியில் நாங்கள் இரண்டு நாள் அறிவிப்புச் செய்தோம். ஜும்ஆ எத்தனை மணிக்கு, கிரகணத் தொழுகை எப்போது, பெண்களுக்கு எங்கே இடம் என்று எல்லாம் சொன்னோம். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்கள் எல்லாரும் பள்ளிக்குள் ஸஜ்தாவில் இருந்தோம். பிள்ளைகள் வெளியே ஹவுளுக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒரு பையன், எட்டாம் வகுப்பு. வீட்டில் பாட்டியின் நெஞ்சு எக்ஸ்ரே படம் கிடந்திருக்கிறது. அதை எடுத்துவந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு முறை காட்டிவிட்டு, மீதி நேரமெல்லாம் தானே பார்த்திருக்கிறான். அன்று வலி இல்லை, எரிச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான். மறுநாள் காலையில் குர்ஆனைத் திறந்து உட்கார்ந்தவன், "உம்மா, பார்க்கிற எழுத்து மட்டும் தெரியவில்லை, சுற்றியுள்ள எழுத்தெல்லாம் தெரிகிறது" என்றானாம். மதுரைக்குக் கொண்டுபோனோம். விழித்திரை வெந்திருக்கிறது, இதற்கு ஊற்ற மருந்தும் இல்லை, செய்ய ஆபரேஷனும் இல்லை, தானாக ஆறினால் உண்டு என்று டாக்டர் சொன்னார். சில மாதத்தில் வலது கண் ஓரளவு தெளிந்தது. இடது கண்ணில் நடுப்புள்ளி இன்றும் இருக்கிறது. 17 ஆண்டு ஆகிவிட்டது.

அந்தப் பையன் இப்போது ஜித்தாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். போன மாதம் அவனே போன் செய்தான். "சாச்சா, இங்கே ஆகஸ்டில் முழுசா மறையப்போகுதாம். ஊரிலும் தெரியுமாமே. இந்தத் தடவையாவது பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்" என்றான். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் அப்படிக் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிள்ளைகளே, பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கரித்திருக்கிறீர்களா? யாரும் கை தூக்கவில்லை, உம்மாமார்கள் இருக்கிறார்கள் என்ற பயம். நம் கண்ணுக்குள்ளும் அதே போல ஒரு வில்லை இருக்கிறது. அது சூரியனைக் குவித்துப் பின்னால் உள்ள விழித்திரையில் போடுகிறது. நாம் உற்றுப் பார்க்கிற பொருள் விழுகிற இடமும் அதுதான். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சிறு புள்ளியால்தான். விழித்திரையில் வலி அறியும் நரம்பு இல்லை. கையைச் சுட்டால் இழுத்துக்கொள்வோம், கண்ணைச் சுட்டால் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். சிறுவர்களின் கண்வில்லை பெரியவர்களுடையதை விடத் தெளிவானது, ஒளியை அதிகம் உள்ளே விடும். அதனால் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம்.

"தினமும் இருக்கிற சூரியன்தானே, கிரகணத்தன்று மட்டும் என்ன விஷமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கிரகணச் சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. மற்ற நாளில் கண் கூசும், பார்வையைத் திருப்பிவிடுவோம். கிரகணத்தன்று பார்க்க ஒன்று இருக்கிறது, அதனால் கூசினாலும் விடாமல் பார்க்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த முறை நம் ஊருக்கு ஒரு தனி ஆபத்தும் உண்டு. கிரகணம் மாலையில் வருகிறது. சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும், கடற்கரையில் காற்று வாங்க உட்கார்ந்திருப்போம், மாலை வெயில்தானே என்று தோன்றும். சிறு பகுதிதான் மறைவதால் வெளிச்சமும் பெரிதாகக் குறையாது. எது மறைந்தது என்று பார்க்கவே ஆட்கள் அண்ணாந்து நிற்பார்கள். சூரியனில் ஒரு கீற்று மிச்சமிருந்தாலும் அது சுடும். மெல்லிய மேகம் மறைத்தாலும் அப்படித்தான். மேகம் கண்ணாடி ஆகாது.

எக்ஸ்ரே படம் வேண்டாம். கூலிங் கிளாஸ் வேண்டாம், எத்தனை கறுப்பாக இருந்தாலும் வேண்டாம். புகை பிடித்த கண்ணாடி, பழைய கேமரா பிலிம், சி.டி. தட்டு எதுவும் வேண்டாம். இவை வெளிச்சத்தை மங்கலாக்கும். மங்கியதும் நம் கண்மணி விரியும். விரிந்த கண்ணுக்குள், கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் தாராளமாகப் போகும். மறைப்பே இல்லாமல் பார்ப்பதைக் காட்டிலும் சில நேரம் இது மோசம், ஏனென்றால் கூசாததால் நீண்ட நேரம் பார்ப்போம். பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில் பார்ப்பது நம் பாட்டிமார் வழி. தண்ணீரில் தெரிவதும் சூரியன்தான். டாக்டர்கள் அதையும் ஒப்புக்கொள்வதில்லை.

இங்கே ஒரு பெரியவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அல்பீரூனி. கஸ்னியிலிருந்து வந்து, சமஸ்கிருதம் படித்து, இந்தியாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதினாரே, அவர்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அவர் தம் நூல் ஒன்றில், சூரியனை நேரே பார்ப்பது கண்ணைக் கெடுக்கும், இளமையில் கிரகணங்களை அப்படிப் பார்த்ததால் தம் பார்வை பலவீனப்பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். தண்ணீரில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பது மேல் என்பது அவர் கண்ட முடிவு. அந்தக் காலத்துக்கு அது நல்ல ஆலோசனை. இன்று நமக்கு அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

நேராகப் பார்க்க வேண்டுமானால் கிரகணக் கண்ணாடி ஒன்றுதான் வழி. அதில் ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அச்சு மட்டும் போதாது, போலியிலும் அச்சடித்து விற்பார்கள். அதனால் வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். எதுவுமே தெரியக் கூடாது. சுவர், ஜன்னல், ஆள், எதுவும் தெரியக் கூடாது. டியூப்லைட் பளிச்சென்று தெரிந்தால் அதைக் குப்பையில் போடுங்கள். கீறலோ, ஊசி முனை அளவு ஓட்டையோ, மடிப்போ இருந்தாலும் குப்பைதான். குனிந்து மாட்டிக்கொண்டு பிறகு நிமிர வேண்டும். மறுபடி குனிந்து பிறகுதான் கழற்ற வேண்டும். பவர் கண்ணாடி போட்டவர்கள் அதற்கு மேலேயே பிடித்துக்கொள்ளலாம். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ கேமராவிலோ பார்க்கவே கூடாது. அது குவித்து அனுப்பும் வெயிலில் கண்ணாடியே கருகிவிடும்.

வெல்டிங் பட்டறைத் தம்பிகள் இருக்கிறார்கள். உங்கள் கண்ணாடியில் 14ஆம் எண் மட்டும்தான் ஆகும். நீங்கள் சாதாரணமாக வைத்திருப்பது 10, 11. அது ஆகாது.

ஆனால் எங்களைக் கேட்டால், நேராகப் பார்ப்பதைவிட நிழலில் பார்ப்பதுதான் அழகு. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் வளைய கிரகணம் தெரிந்தபோது, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பல ஊர்களில் இதைத்தான் செய்து காட்டினார்கள். அன்று நம் ஊரில் பாதிக்கு மேல் மறைந்தது. நம் வீட்டுப் பெண்கள் இடியாப்ப அச்சை எடுத்துவந்து வெயிலில் பிடித்தார்கள். சிமெண்டுத் தரையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை! ஐம்பது, அறுபது பிறைகள். வேப்பமரத்தடியில் இலைகளின் சந்து வழியே விழுந்த வெயில் எல்லாம் பிறையாகக் கிடந்தது. வயதான ஒரு மாமி, "ரமலான் பிறைக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் சண்டையே வராதே" என்றார். அந்தக் கிரகணத்தில் யார் கண்ணுக்கும் எதுவும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இதன் பின்னால் உள்ள கணக்கும் நமக்குப் புதிதல்ல. பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், கிரகணத்தின் வடிவம் பற்றி என்றே ஒரு தனி நூல் எழுதினார். சிறு துளை வழியே விழும் கிரகணச் சூரியனின் ஒளி ஏன் பிறை வடிவில் இருக்கிறது, துளை பெரிதானால் ஏன் அந்த வடிவம் கெட்டுப்போகிறது என்று அதில் ஆராய்ந்தார். 965 வாக்கில் பிறந்தவர். இடியாப்ப அச்சில் நம் பெண்கள் பார்த்ததை அவர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மதரஸாவில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆகஸ்ட் 2ஆம் தேதி அவர் செய்ததைச் செய்து பார்க்கலாமே.

செய்முறை எளிது. கையகலக் கண்ணாடி ஒன்றை எடுத்து, கறுப்புக் காகிதத்தால் மூடி, நடுவில் சட்டைப் பொத்தானை விடச் சிறியதாக ஒரு துளை விடுங்கள். மாலையில் மேற்கு வெயிலில் அதை வைத்து, வெளிச்சத்தை இருட்டான அறையின் சுவருக்குத் திருப்புங்கள். 10 மீட்டர் தூரத்தில் சூரியன் 9 சென்டிமீட்டர் அகலத்தில் விழும், கிட்டத்தட்ட ஒரு பூரி அளவு. அதில் நிலா ஏறுவதையும் இறங்குவதையும் நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். கண்ணாடியைக் கையாளுகிறவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், ஒளி யார் முகத்திலும் படக் கூடாது, யாரும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த மண்டபத்தின் கிழக்குச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிவிடுகிறோம். மேற்கு வராந்தாவில் கண்ணாடி. அறிவியல் ஆசிரியர் ஒருவர் பொறுப்பு ஏற்றிருக்கிறார்.

தொழுகை விஷயம். நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம், பால்குடி மறக்காத குழந்தை, மதீனாவில் மரணித்த அன்று கிரகணம் பிடித்தது. வானியல் அறிந்தவர்கள் அதைக் கணக்கிட்டு 632 ஜனவரி 27 என்கிறார்கள். அந்தக் குழந்தைக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் அந்தப் பேச்சை அப்படியே விட்டிருக்கலாம். நபியவர்கள் விடவில்லை. யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனோ சந்திரனோ மறைவதில்லை, அவை அல்லாஹ்வின் அத்தாட்சிகள், அதைக் கண்டால் தொழுங்கள், துஆ செய்யுங்கள், தர்மம் செய்யுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அன்றைய தொழுகையில் ஆயிஷா நாயகியும் அஸ்மா நாயகியும் கலந்துகொண்டார்கள் என்பதையும் ஆண்கள் கவனத்தில் வைக்கவும். பெண்களுக்கு இடம் ஒதுக்குகிறோம்.

அஸருக்குப் பிறகு வருவதால் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் இந்தத் தொழுகைக்குச் சட்ட வேறுபாடு உண்டு. ருகூஃ எண்ணிக்கையிலும் உண்டு. அதை இமாம் ஹஜ்ரத் முந்திய வெள்ளிக்கிழமை விளக்குவார்கள். நாங்கள் அதில் தலையிடவில்லை. எங்கள் வேலை வேறு: நீங்கள் உள்ளே இருக்கும்போது வெளியே பிள்ளைகள் தனியாக நிற்கக் கூடாது. பத்துத் தன்னார்வத் தம்பிகள் முறை வைத்து வாசலில் நிற்பார்கள். 2010இல் அந்தப் பத்துப் பேர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமான விஷயம். இந்தக் கிரகணம் ஸஃபர் மாதக் கடைசியில் வருகிறது. ஒடுக்கத்துப் புதனை ஒட்டிய நாட்கள். பீடை மாதம், அதிலும் கிரகணம் என்று இப்போதே சிலர் பேசுவதாகக் கேள்வி. எல்லாச் சூரிய கிரகணமும் மாதக் கடைசியில்தான் வரும், அமாவாசையில்தானே நிலா குறுக்கே வர முடியும்? மறுநாள் மாலை ரபீஉல் அவ்வல் பிறை தேடப் போகிறோம், அவ்வளவுதான்.

எங்களில் சிலர் 1980இல் சிறுவர்கள். பிப்ரவரி 16, அன்றைக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து உள்ளே வைத்தார்கள். பானைத் தண்ணீரைக் கொட்டினார்கள். மாசமாக இருந்த சாச்சி ஒருவரை அசையாமல் படுக்கவைத்து, ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. வெட்டினால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்று கத்தியைத் தொடவிடவில்லை. தீனில் இதற்கு ஆதாரம் இல்லை, மருத்துவத்திலும் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் கர்ப்பிணிப் பெண்ணைப் பட்டினி போடுவதுதான் ஆபத்து. சர்க்கரை வியாதிக்கு ஊசி போடுகிற பெரியவர்கள் கிரகணம் விடட்டும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. மாமியார்களிடம் இதை எங்கள் பெயரில் சொல்லுங்கள். கோபம் வந்தால் எங்கள் மேல் வரட்டும்.

சவூதியில் இருப்பவர்களுக்கு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அந்த ஓய்வு நேரத்தில்தான் கிரகணம் உச்சத்துக்கு வருகிறது. ஆக, நம் ஆட்கள் எல்லாம் வெளியே வந்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆயுளில் ஒரு முறை கிடைப்பது. முழுதும் மறைந்து இருட்டாகிற அந்தச் சில நிமிடம் மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். அதற்கு முன்னும் பின்னும் கண்ணாடி கட்டாயம். ஓரத்தில் முதல் ஒளிப்பொட்டு மின்னியதும் பார்வையைத் திருப்பிவிட வேண்டும். நம் ஊரில் அந்த விதிவிலக்கே கிடையாது. வாப்பா போனில், "நான் வெறுங்கண்ணால்தான் பார்த்தேன்" என்று சொல்வார். அதைக் கேட்டு இங்கே பிள்ளை அதையே செய்யும். எங்கள் பெரிய கவலை இதுதான். அங்கே பேசும்போது, "இங்கே முழுசா மறைந்தது, உனக்கு மறையாது, நீ பார்க்காதே" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

செல்போனைச் சூரியனுக்கு நேரே பிடித்து வீடியோ காலில் காட்டவும் வேண்டாம். சரியாகக் காட்ட வேண்டுமே என்று போனுக்கு மேலே உங்கள் கண்தான் போகும்.

யாருக்காவது பார்த்த பிறகு நடுவில் கறுப்பாகவோ, எழுத்து வளைந்தோ தெரிந்தால், பயந்து மறைக்கக் கூடாது. அடிப்பார்கள் என்று அந்தப் பையன் அரை நாள் மறைத்தான். உடனே சொல்லுங்கள். கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வண்டிச் செலவு அறக்கட்டளையுடையது.

கிரகணக் கண்ணாடி வீட்டுக்கு ஒன்று தருகிறோம். மூன்று பிள்ளைகளுக்கு மேல் உள்ள வீட்டுக்கு இரண்டு. ஜூலை கடைசி ஞாயிறு லுஹருக்குப் பின் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் அன்றே பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவோம். வரும்போது வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துவாருங்கள். டாக்டருக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று பார்த்து எடுங்கள். வேண்டாததை எங்களிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியை வாங்கிப்போங்கள். பெட்டி வாசலில் இருக்கும்.